வீட்டுக் கணினியில் லினக்ஸ்: ஒத்துவருமா என்று பார்த்து நிறுவும் முறை

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டன. மைக்ரோசாஃப்ட்டின் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வகையில் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். 2017க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் இந்த வடிகட்டலில் நின்றுவிடுகின்றன. உடம்பில் ஒரு குறையும் இல்லாத அப்படிப்பட்ட கணினியை எடைக்குப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டிய வழி, திறமூல இயங்குதளமான லினக்ஸ்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கருநிரலைச் சுற்றிப் பலரும் மென்பொருள்களைச் சேர்த்துத் தனித்தனித் தொகுப்புகளாக வெளியிடுகிறார்கள். உபுண்டு, ஃபெடோரா, லினக்ஸ் மின்ட் ஆகியவை அத்தகையவை. நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், உரிமக் கட்டணம் கிடையாது. வீட்டுக் கணினியில் நிறுவ இவ்வளவு தெரிந்தால் போதும்.

தமிழகத்துக்கு இது புதிதும் அல்ல. 2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

முதல் வேலை: வீட்டின் பட்டியல்

லினக்ஸ் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தால் ஒரு வீட்டுக்குப் பயனில்லை. அந்த வீட்டில் கணினியை வைத்து என்னென்ன வேலைகள் நடக்கின்றன என்பதே கேள்வி. ஒரு வாரம் ஒரு தாளைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்து, யார் எந்த மென்பொருளைத் திறந்தாலும் குறித்துவர வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் வேலைகளையும் (வருமான வரிக் கணக்கு, கல்லூரி விண்ணப்பம்) தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். பட்டியல் மூன்றாகப் பிரியும்.

*தடையின்றி நடப்பவை.* பிரவுசருக்குள் நடக்கும் எல்லாம் இதில் அடங்கும்: மின்னஞ்சல், யூடியூப், நெட் பேங்கிங், ரயில் டிக்கெட், வாட்ஸ்அப் வெப், ஓடிபி மூலம் சரிபார்க்கும் வருமான வரிக் கணக்கு. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் லினக்ஸில் உண்டு. ஜூம் செயலியும் உண்டு. சில ஓடிடி தளங்களில் படத்தின் தெளிவு மட்டும் விண்டோஸைவிடக் குறைவாக வரலாம்.

*மாற்று மென்பொருளால் நடப்பவை.* வேர்டு, எக்செல் கோப்புகளை லிபர்ஆபிஸ் திறக்கும், திருத்தும், அதே வடிவில் சேமிக்கும். கடிதம், விண்ணப்பம், வீட்டுக் கணக்கு அளவில் சிக்கல் எழுவதில்லை. மேக்ரோ எழுதிய எக்செல் கோப்பும், கட்டங்களும் படங்களும் நெருக்கமாக அடுக்கிய வேர்டு கோப்பும் குலையக்கூடும். அலுவலகத்திலிருந்து அத்தகைய கோப்புகள் தினமும் வரும் வீட்டில், ஒன்றிரண்டை முன்கூட்டியே லிபர்ஆபிஸில் திறந்து பார்ப்பது அவசியம். லிபர்ஆபிஸ் விண்டோஸிலும் ஓடும் என்பதால் இந்தச் சோதனைக்கு லினக்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

*நடக்காதவை.* டேலி, போட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட முயலும் வைன் என்ற கருவி உண்டு. ஆனால் வரவு செலவுக் கணக்கை அதை நம்பி ஒப்படைப்பது புத்திசாலித்தனம் இல்லை. வேலரன்ட் போன்ற சில ஆன்லைன் விளையாட்டுகள், அவற்றின் மோசடித் தடுப்பு முறை காரணமாக லினக்ஸில் ஓடுவதே இல்லை. ஆன்லைன் தேர்வுகளுக்கென்று நிறுவச் சொல்லும் சில பிரவுசர்களும் விண்டோஸ், மேக் இரண்டுக்கு மட்டுமே வருகின்றன.

மூன்றாவது பிரிவு காலியாக இருந்தால் அந்த வீட்டுக்கு லினக்ஸ் தாராளமாக ஒத்துவரும். அதில் ஒன்றே ஒன்று இருந்து, அதுவே சோறு போடும் மென்பொருளாகவும் இருந்தால், விண்டோஸை விடாமல் பக்கத்தில் லினக்ஸை வைத்துக்கொள்வதுதான் வழி.

எதைத் தேர்ந்தெடுப்பது

முதன்முறை நிறுவுபவருக்கு லினக்ஸ் மின்ட் போதும். மெனு, டாஸ்க்பார், கடிகாரம் எல்லாம் விண்டோஸில் பழகிய இடத்திலேயே இருப்பதால் வீட்டில் மற்றவர்களுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் உண்டு. ராம் 4 ஜிபியோ அதற்குக் குறைவோ என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, அதற்கு மேல் என்றால் சினமன் பதிப்பு. 2 ஜிபி ராம் குறைந்தபட்சம். ஆனால் அதில் பிரவுசரில் நான்கைந்து டேப் திறந்தாலே கணினி திணறும், எந்த இயங்குதளத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. 32 பிட் பிராசசர் கொண்ட மிகப் பழைய கணினியில் மின்ட் 22 ஏறாது.

இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கே இருக்கும் கணினியில், இயங்குதளத்தை மாற்றுவதைவிட எஸ்எஸ்டி போடுவதால் கிடைக்கும் வேகம் அதிகம். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் இன்னொரு லாபமும் உண்டு. அது கீழே வருகிறது.

தொடங்கும் முன் பேக்கப்

இந்த வேலையில் தவறினால் திருத்த முடியாத கட்டம் இது ஒன்றுதான்.

1. படங்கள், வீடியோக்கள், ஆவணங்கள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை மறந்துவிடக் கூடாது. வீட்டுக் கணினிகளில் முக்கியமான கோப்புகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.
2. நகலெடுத்த கோப்புகளில் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும்.
3. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் கணக்கோடு இணைந்திருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்.
4. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.
5. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளை, விண்டோஸ் இருக்கும்போதே என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. எழுத்துரு இல்லாத கணினியில் இவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

வழக்கமான தவறு: "என் கோப்பெல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது, அது பத்திரம்" என்ற நம்பிக்கை. சி, டி, இ எல்லாம் பெரும்பாலும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் பகுதிகள். டிஸ்க்கை அழித்து நிறுவும்படி சொன்னால் மூன்றும் சேர்ந்து போகும்.

பென்டிரைவ் தயாரித்தல்

தேவை: 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, சுமார் 3 ஜிபி பதிவிறக்கத்துக்கான இணையம், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் கணினி.

1. மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் ஐஎஸ்ஓ எனப்படும் நிறுவல் கோப்பைப் பதிவிறக்க வேண்டும்.
2. ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளைத் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓ கோப்பையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.
3. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள டிக் குறியை அழுத்தினால் ரூஃபஸ் அந்தக் கோப்பின் சரிபார்ப்பு எண்களைக் காட்டும். அவற்றில் எஸ்எச்ஏ256 என்ற வரியை மின்ட் தளம் தரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.
4. இரண்டும் ஒத்திருந்தால் ஸ்டார்ட் அழுத்தலாம். பென்டிரைவில் இருப்பது முழுவதும் அழியும்.

மூன்றாவது படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பைத் திருப்பி, உளவு வழி வைத்த ஐஎஸ்ஓ கோப்பைப் பரப்பினார்கள். கோப்பு இப்படி மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கக்கூடியது சரிபார்ப்பு எண். அதை ஒப்பிடும் வேலை இரண்டு நிமிடம்தான்.

வழக்கமான தவறு: ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணமாகக் காப்பி செய்து பென்டிரைவில் ஒட்டுவது. அதிலிருந்து கணினி துவங்காது.

நிறுவாமலே ஓட்டிப் பார்த்தல்

பென்டிரைவிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் தொடாது. இந்த வசதியைப் பயன்படுத்தாமல் நேராக நிறுவுவதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன.

1. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிட்டு, கணினியை முழுவதுமாக நிறுத்த வேண்டும்.
2. பென்டிரைவைச் செருகி, கணினியை இயக்கிய உடனே பூட் மெனு விசையை விட்டு விட்டு அழுத்த வேண்டும். டெல், லெனோவாவில் பொதுவாக எஃப்12. எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஏசரில் எஃப்12 என்றாலும் பல மாடல்களில் அதை முதலில் பயாஸ் என்ற துவக்க அமைப்பில் இயக்கிவைக்க வேண்டியிருக்கும்.
3. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் டெஸ்க்டாப் வரும்.

இங்கே வேகத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாம் மெதுவாகவே திறக்கும். பார்க்க வேண்டியவை வேறு. வைஃபை பிடிக்கிறதா, பாட்டு கேட்கிறதா, வெப்கேம் தெரிகிறதா, ப்ளூடூத் இணைகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா, லேப்டாப்பை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

பிரின்டருக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். எச்பியின் பெரும்பாலான மாடல்களும், வைஃபை வழியே டிரைவர் இல்லாமல் அச்சிடும் வசதி கொண்ட புதிய பிரின்டர்களும் செருகியவுடன் பட்டியலில் வந்துவிடும். நம் ஊர் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் நிறைய இருக்கும் கேனான் எல்பிபி2900 போன்ற பழைய லேசர் பிரின்டர்களின் டிரைவர் மின்ட்டோடு வருவதில்லை. தனியாகத் தேடி நிறுவ வேண்டும், அது முதன்முறையாளருக்குக் கடினம். பிரின்டர் முக்கியம் என்றால் இங்கேயே ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்த பிறகே மேலே போக வேண்டும்.

குறிப்பு: வைஃபை பிடிக்கவில்லை என்றால் போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும். நிறுவிய பிறகு அதே இணைப்பில் டிரைவர் மேனேஜரைத் திறந்து வைஃபை டிரைவரை இறக்கலாம்.

நிறுவ மூன்று வழிகள்

*தனி எஸ்எஸ்டி.* பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிய எஸ்எஸ்டியில் நிறுவுவது. மூன்றிலும் பாதுகாப்பானது இதுதான்: லினக்ஸ் பிடிக்கவில்லை என்றால் பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டினால் விண்டோஸ் விட்ட இடத்திலிருந்து ஓடும். கழற்றிய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டால் அதிலுள்ள கோப்புகளை மின்ட் நேரடியாகப் படிக்கும். அவசரமில்லாதவர்கள் இந்த வழியையே எடுக்கலாம்.

*பக்கத்தில் வைத்துக்கொள்வது.* ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் லினக்ஸும். டிஸ்க்கின் பகுதியைச் சுருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் சேதமாகலாம். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம். லேப்டாப் என்றால் பேட்டரி முழுதாக இருப்பதோடு சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.

*முழுவதும் அழித்து நிறுவுவது.* படிகள் குறைவு. பேக்கப்பை இன்னொருமுறை சரிபார்த்த பிறகு மட்டும்.

நிறுவும் படிகள்

1. பென்டிரைவிலிருந்து வந்த டெஸ்க்டாப்பில் உள்ள நிறுவல் ஐகானைத் திறக்க வேண்டும்.
2. மொழியில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் விசைப்பலகையில் ஆங்கிலம் யுஎஸ் வைப்பதே நல்லது; பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சிக்கலில்லாமல் அடிக்க முடியும். தமிழ்த் தட்டச்சைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.
3. மல்டிமீடியா கோடெக்குகளை நிறுவவா என்ற பெட்டியை டிக் செய்ய வேண்டும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இந்த இடத்தில் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அதை எழுதி வைக்க வேண்டும்.
4. நிறுவல் வகை வரும் திரையில் அவசரம் கூடாது. எந்த டிஸ்க், எத்தனை ஜிபி என்று படித்துப் பார்த்த பிறகே அடுத்த பொத்தான். லினக்ஸுக்கு 20 ஜிபி குறைந்தபட்சம் என்றாலும், வசதியாக இருக்க 100 ஜிபி ஒதுக்கலாம்.
5. டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் அது ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி முறையில் இருக்கக்கூடும். இருக்கும் விண்டோஸைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த அமைப்பைத் தானாக மாற்றக் கூடாது. மாற்றினால் விண்டோஸ் துவங்காமல் போகலாம். இந்த இடத்தில் தெரிந்தவரைக் கூப்பிடுவது உத்தமம்.
6. நேர மண்டலத்துக்கு வரைபடத்தில் கொல்கத்தாவையும், பிறகு பயனர் பெயர், பாஸ்வேர்டையும் கொடுத்தால் மற்றதை நிறுவியே பார்த்துக்கொள்ளும்.
7. முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றி மறுதுவக்கம். மூன்றாவது படியில் பாஸ்வேர்டு கேட்டிருந்தால் இப்போது நீல நிறத் திரை ஒன்று வரும். பழுதென்று பயப்பட வேண்டாம். என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து, எழுதி வைத்த பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். சில விநாடிகளில் எதுவும் அழுத்தாவிட்டால் அந்தத் திரை தானாகப் போய்விடும் என்பதால் கணினி முன்னாலேயே இருக்க வேண்டும்.

இரண்டு இயங்குதளங்களும் உள்ள கணினியில், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டலாம். லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் கணினியின் கடிகாரத்தில் எழுதுவதுதான் காரணம். விண்டோஸின் தேதி அமைப்பில் ஒருமுறை ஒத்திசைத்தால் அப்போதைக்குச் சரியாகும்.

முதல் நாள் வேலைகள்

அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லா அப்டேட்டுகளையும் போடுவது முதலில். அடுத்து டிரைவர் மேனேஜர். பிறகு டைம்ஷிஃப்ட்: இது இயங்குதளத்தின் நிலையைப் படம்பிடித்து வைக்கும், பின்னால் ஏதாவது அப்டேட் குழப்பினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் வீட்டுப் படங்களையும் ஆவணங்களையும் டைம்ஷிஃப்ட் இயல்பாகச் சேமிப்பதில்லை. அதை பேக்கப் என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்கள் டிஸ்க் பழுதாகும் நாளில்தான் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார்கள்.

*தமிழ்த் தட்டச்சு*

1. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பைத் தேடி நிறுவ வேண்டும்.
2. மெனுவில் உள்ளீட்டு முறைக்கான அமைப்பைத் திறந்து, ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து மீண்டும் நுழைய வேண்டும்.
3. ஐபஸ் அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, பழக்கத்துக்கேற்ப தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரியான முறைதான் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. தமிழ்99இல் அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகளை வரிசையாக அழுத்தினால் "அம்மா" என்று வர வேண்டும். முதல் மகரத்தின் மேல் புள்ளி தானாக விழும். கீபோர்டு லேஅவுட் அமைப்பிலும் தமிழ்99 என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. அதில் புள்ளி தானாக விழாது. தமிழ்99 பழகியவர்கள் தவறுதலாக அதைச் சேர்த்துவிட்டு, லினக்ஸில் தமிழே சரியில்லை என்று முடிவுகட்டிவிடுவது உண்டு.

பாதுகாப்பாக வைத்திருக்க

விண்டோஸில் போல ஆன்டிவைரஸ் வாங்க வேண்டியதில்லை. மென்பொருள்களைச் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்தே எடுப்பதும், வாராவாரம் அப்டேட் போடுவதும் போதுமான காவல். அதே நேரம், போலி வங்கித் தளத்தில் ஓடிபி கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

கட்டளைகளை எங்கிருந்தாவது எடுத்து டெர்மினலில் ஒட்டும் பழக்கம்தான் லினக்ஸில் பெரிய ஆபத்து. நிர்வாகிப் பாஸ்வேர்டு கேட்கும் எந்தக் கட்டளையும் கணினியில் எதையும் அழிக்க வல்லது. என்ன செய்கிறது என்று புரியாத கட்டளையை ஓட்டாமல் இருப்பதே நல்லது. தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள கணியம் இதழின் கட்டுரைகளும், சென்னை, விழுப்புரம் போன்ற ஊர்களில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்களும் உதவும்.

வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் பயன்படுத்துவதாக இருந்தால் அவர்களுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒவ்வொன்று உருவாக்கிக் கொடுத்துவிடலாம்.

விண்டோஸுக்குத் திரும்ப வேண்டுமானால்

1. தனி எஸ்எஸ்டியில் நிறுவியவர்கள் பழைய டிஸ்க்கை மாட்டினால் முடிந்தது.
2. இரண்டையும் வைத்திருப்பவர்கள் பயாஸில் துவக்க வரிசையை மாற்றி விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் கொண்டுவர வேண்டும். அது சரியாகத் துவங்குகிறது என்று உறுதியான பிறகே, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பகுதியை நீக்க வேண்டும். பழைய, யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறை இல்லாத கணினிகளில் இப்படி நீக்கினால் விண்டோஸும் துவங்காது. அவற்றுக்கு விண்டோஸ் மீட்பு பென்டிரைவ் கையில் இருக்க வேண்டும்.
3. முழுவதும் அழித்து நிறுவியவர்கள் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இறக்கி மறுபடி நிறுவலாம். முன்பு டிஜிட்டல் உரிமத்தில் ஓடிய கணினி என்றால், மதர்போர்டு மாறாமலும் அதே பதிப்பை நிறுவியும் இருந்தால், இணையத்தில் இணைந்ததும் உரிமம் தானாகச் செயல்படும். லினக்ஸில் சேர்ந்த புதிய கோப்புகளை அதற்கு முன் வெளி டிஸ்க்கில் எடுத்துவிட வேண்டும். லினக்ஸ் பகுதிகளை விண்டோஸ் நேரடியாகப் படிக்காது.